ஆளில்லாத மேளம்: உடல், சாதி, இயந்திரம்

1

ராமநாதபுரம் சீமையில் கடலோரமாகப் போனால் பல கோயில்களில் இன்று மேளக்காரர் இல்லை. மேளம் மட்டும் இருக்கிறது. இரும்புச் சட்டத்தில் ஒரு முரசு, பக்கத்தில் சேகண்டி, மேலே இரண்டு மூன்று மணிகள், கீழே ஒரு சின்ன மோட்டார். தீபாராதனை நேரத்தில் குருக்கள் சுவிட்சைத் தட்டுகிறார். மோட்டார் சுழலுது, கம்பிகள் ஏறி இறங்குது, குச்சி தோலை அடிக்குது. சிலர் 'மின்சார மேளம்' என்கிறார்கள், சிலர் 'கரண்டு மேளம்' என்கிறார்கள். கற்பூரம் அணைந்ததும் சுவிட்சும் அணைந்துவிடுகிறது.

இதைப் பற்றிப் பேசுகிறவர்கள் வழக்கமாக இரண்டு கட்சி. 'பாரம்பரியம் போச்சே' என்று அழுகிற கட்சி ஒன்று. 'காலம் மாறுது, என்ன செய்ய' என்று தோளைக் குலுக்குகிற கட்சி இன்னொன்று. இரண்டுமே அந்த மேளக்காரர் யார், அவர் எங்கே போனார் என்று கேட்பதில்லை. அந்தக் கேள்வியைக் கேட்பதற்கு முன்னால் இந்த இயந்திரம் என்ன வகையைச் சேர்ந்தது என்று பார்க்க வேண்டியிருக்கிறது.

மின்சார மேளம் ரிக்கார்டு இல்லை. ரிக்கார்டிலும் கேசட்டிலும் பதிவாவது ஒலி. குழாய் ஸ்பீக்கரில் கேட்பது, எங்கோ என்றோ ஒருவர் எழுப்பிய ஒலியின் சாயல். மின்சார மேளத்தில் தோல் நிஜம், அடி நிஜம், அதிர்வு நிஜம். அடிக்கிற கைதான் இல்லை. அதாவது இங்கே சேமித்து வைக்கப்பட்டிருப்பது ஒலி இல்லை, ஒரு செயல். இந்த வேறுபாடு முக்கியம். ஒலியைப் பதிவு செய்வதன் வரலாறு பற்றி நம்மிடம் ஓரளவு பேச்சு உண்டு. வால்டர் பெஞ்சமின் 1936-இல் இயந்திர மறு உற்பத்தியைப் பற்றி எழுதியதை நம் சிறுபத்திரிகைகள் மாற்றி மாற்றி மேற்கோள் காட்டியாயிற்று. செயலைப் பதிவு செய்வதன் வரலாறு அந்த அளவு பேசப்படவில்லை. உழைப்பு, உடல், சாதி என்று பேசுகிறவர்களுக்கு இரண்டாவதுதான் அதிகம் தேவை.

2

இந்த வரலாறு தறியிலிருந்து தொடங்குகிறது. ராமநாதபுரம் மாவட்டத்தில் பரமக்குடியும் எமனேசுவரமும் நெசவு ஊர்கள். தறிக்கு மேலே ஜக்கார்டு பெட்டி, அதில் துளை போட்ட அட்டைகள் கோர்வையாகத் தொங்குவதை நெசவாளர் வீடுகளைப் பார்த்தவர்கள் அறிவார்கள். துளை இருந்தால் நூல் ஏறும், இல்லாவிட்டால் ஏறாது. பிரான்சில் லியோன் நகரத்தில் ஜக்கார்டு 1804-இல் கொண்டுவந்த ஏற்பாடு இது. அதற்கு முன்னால் தறிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து நூலை இழுத்துக்கொடுக்க ஒரு பையன் இருந்தான். அவன் கை செய்ததை அட்டை செய்தது. பையன் போனான்.

அதே துளை காகிதச் சுருளுக்கு மாறி, தறியிலிருந்து பியானோவுக்குப் போனது. 1890களில் அமெரிக்காவில் எட்வின் வோட்டி செய்த 'பியானோலா' முதலில் தனி அலமாரியாக இருந்தது. அதைப் பியானோவுக்கு முன்னால் தள்ளி நிறுத்துவார்கள். அதிலிருந்து மரவிரல்கள் நீண்டு கட்டைகளை அழுத்தும். காலால் மிதித்தால் காற்று இழுக்கும், சுருள் நகரும், துளை வந்த இடத்தில் விரல் இறங்கும். பின்னால் இந்த ஏற்பாடு பியானோவுக்குள்ளேயே போய்விட்டது. 1920களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் தயாரான பியானோக்களில் பாதிக்கு மேல் இப்படித் தானே வாசிப்பவை. ரேடியோவும் 1929 பொருளாதார வீழ்ச்சியும் வந்து அந்தச் சந்தையை முடித்தன.

முதல் சுருள்களில் ஒரு குறை. எந்தச் சுரம், எப்போது என்பது இருந்தது. எவ்வளவு அழுத்தம் என்பது இல்லை. ஜெர்மனியில் ஃப்ரைபுர்க் நகரத்து வெல்ட்டே நிறுவனம் 1904-இல் அதையும் பதிவு செய்கிற முறையைக் கொண்டுவந்தது. இசையமைப்பாளர் மாலர் 1905-இல் அந்த முறையில் வாசித்தார். மாலரின் வாசிப்பு என்று உலகத்தில் இருப்பது அந்தச் சுருள்கள்தான். செத்துப்போனவர் வாசிக்கிறார், கட்டை இறங்குது, இருக்கை காலி.

சட்டம் இதை எப்படிப் பார்த்தது? 1908-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றத்தில் ஒரு வழக்கு. துளை போட்ட சுருள் பாட்டின் 'பிரதி'யா, இல்லையா? இல்லை என்றது நீதிமன்றம். மனுஷன் படிக்க முடியாத ஒன்று எப்படிப் பிரதியாகும், அது இயந்திரத்தின் ஒரு பாகம்தான் என்பது வாதம். மறு வருஷமே சட்டம் திருத்தப்பட்டது. சுருள் ஒன்றுக்கு இரண்டு சென்ட் பாட்டை இயற்றியவருக்கு என்று ஆனது. இயற்றியவருக்கு இரண்டு சென்ட் கிடைத்தது. விரலைக் கொடுத்து வாசித்தவருக்கு அந்தச் சட்டத்தில் இடமே இல்லை. இந்த இடைவெளியைக் குறித்து வைத்துக்கொள்வோம்.

3

2002-இல் அமெரிக்காவின் மின்னசோட்டா மாநிலத்தில் ஒரு பியானோ போட்டி தொடங்கியது. அதன் பெயர் 'இன்டர்நேஷனல் பியானோ ஈ காம்பெடிஷன்'. போட்டியாளர்கள் வாசித்தது யமஹா நிறுவனத்தின் டிஸ்க்ளேவியர் பியானோவில். அது பழைய வெல்ட்டேயின் பேரப்பிள்ளை. காகிதத்துக்குப் பதில் கணிப்பொறிக் கோப்பு, காற்றுக்குப் பதில் மின்காந்தம். அந்தப் போட்டியின் நடுவர்களில் ஒருவரான எஃபிம் பிரான்ஃப்மன் அந்த ஊருக்குப் போகவில்லை. ஜப்பானில் ஹமாமட்சு நகரத்தில் உட்கார்ந்திருந்தார். வாசிப்பின் கோப்பும் படமும் அங்கே போயின. அவர் முன்னால் இருந்த இன்னொரு பியானோ தானாக வாசித்தது. அதைக் கேட்டு மார்க் போட்டார்.

போட்டியாளர்கள் வாசித்த கோப்புகளை யார் வேண்டுமானாலும் இறக்கிக்கொள்ளலாம் என்று இணையத்தில் வைத்தார்கள். தானியங்கிப் பியானோ வைத்திருப்பவர் வீட்டுக் கூடத்திலேயே அந்தப் போட்டியை மறுபடி நடத்திப் பார்க்கலாம். பத்து ஆண்டுப் போட்டிகளின் கோப்புகள் அங்கே நிற்கவில்லை. 2018-இல் கூகுளின் ஆய்வுக்குழு ஒன்று அவற்றை எடுத்து, ஒலிப்பதிவோடு பொருத்தி, சுமார் 200 மணி நேர வாசிப்பைத் தரவுத் தொகுதியாக்கி 'மேஸ்ட்ரோ' என்று பெயர் வைத்தது. பியானோ ஒலியைக் கேட்டு எழுதவும், தானே இசையை உண்டாக்கவும் இயந்திரத்துக்குச் சொல்லிக்கொடுக்கும் பாடப்புத்தகம் அது. 'மேஸ்ட்ரோ' என்றால் ஆசான். ஆசானாக நின்றவர்கள் பரிசுக்குப் போட்டியிட வந்த இளைஞர்கள், யுவதிகள். ஜெயித்தவர் தோற்றவர் என்ற வித்தியாசம் இயந்திரத்துக்குத் தேவைப்படவில்லை. தோற்றவரின் விரலும் தரவுதான்.

போட்டி என்ற வடிவமே வாசிப்பை ஒப்பிடத்தக்க அலகுகளாக மாற்றுகிறது. அதே மேடை, அதே கருவி, அதே நேர அளவு, ஒருவர் பின் ஒருவராக. ஃபூக்கோ பள்ளித் தேர்வைப் பற்றிச் சொன்னது இங்கேயும் பொருந்தும். தேர்வு என்பது மனிதரை ஆவணமாக்குகிற சடங்கு. ஆவணமான பிறகு அது யார் அலமாரிக்குப் போகும் என்பதை எழுதியவர் தீர்மானிப்பதில்லை.

4

இது பியானோவுக்கு மட்டும் ஏன் இவ்வளவு சுலபமாக வாய்த்தது? பியானோவின் உள்ளே பார்த்தால் தெரியும். கட்டையை அழுத்தினால் ஒரு சுத்தியல் கிளம்பிப்போய்க் கம்பியை அடிக்கிறது. சுத்தியல் கிளம்பிய பிறகு வாசிப்பவர் அதை ஒன்றும் செய்ய முடியாது. எந்தக் கட்டை, எந்த நேரம், எவ்வளவு வேகம், மிதி எங்கே என்ற நாலு விஷயம் தெரிந்தால் போதும், அந்த வாசிப்பைத் திரும்பச் செய்துவிடலாம். 88 கட்டைகளாக வெட்டி வைக்கப்பட்ட கருவி அது. உடலுக்கும் ஒலிக்கும் நடுவே ஏற்கெனவே ஒரு இயந்திரம் உட்கார்ந்திருக்கிறது. தானியங்கி வந்தபோது செய்ய வேண்டியிருந்தது மிச்ச வேலைதான்.

நாகசுரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஆச்சா மரத்து உடல், நாணலில் செய்த சீவாளி. சீவாளியை வாயில் வைத்து ஈரமாக்கிப் பதப்படுத்த வேண்டும். ஒரே துளையை முழுதாக மூடலாம், பாதி மூடலாம், விரலை உருட்டலாம், உதட்டை இறுக்கலாம், மூச்சைத் தளர்த்தலாம். கமகம் என்பது இவ்வளவும் சேர்ந்து நடப்பது. எங்கே ஒரு சுரம் முடிந்து இன்னொன்று தொடங்குகிறது என்று கோடு போட முடியாது. தவிலும் அப்படித்தான். வலது கை விரல்களில் பசை போட்டு இறுக்கிய கூடுகள், இடது கையில் குச்சி. உள்ளங்கை தோலில் எவ்வளவு நேரம் தங்குகிறது என்பதில் இருக்கிறது சொல்லின் உயிர்.

ஆகவே கோயிலுக்கு இயந்திரம் செய்தவர் நாகசுரத்தைத் தொடவேயில்லை. தவிலையும் தொடவில்லை. முரசு, சேகண்டி, மணி மூன்றை எடுத்துக்கொண்டார். மூன்றிலும் ஓர் அடி போதும். விடியலில் பூபாளம், புறப்பாட்டில் மல்லாரி, பள்ளியறைக்கு நீலாம்பரி என்று வேளைக்கு ஒன்றாக இருந்த வாசிப்பு போய், எல்லா வேளைக்கும் ஒரே டமடம. மேளத்தின் வேலை என்று இதுவரை இருந்ததை இயந்திரம் செய்வதாக யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். இயந்திரத்தால் செய்ய முடிந்தது எதுவோ, அதுதான் மேளத்தின் வேலை என்று சடங்கு திருத்தி எழுதப்பட்டிருக்கிறது. கோயில் நிர்வாகம் இதற்குச் சம்மதித்ததிலிருந்து ஒன்று தெரிகிறது. மேளக்காரரின் கலையை அது ஒருநாளும் கலையாக எண்ணிக் கூலி கொடுத்ததில்லை, சத்தத்துக்குத்தான் கொடுத்து வந்திருக்கிறது.

இந்த இடத்தில் எச்சரிக்கையும் வேண்டும். 'இயந்திரத்தில் அடங்காத தூய இசை' என்ற பேச்சுக்கு நம் நாட்டில் வேறொரு சரித்திரம் உண்டு. அகில இந்திய வானொலி 1940-இல் ஆர்மோனியத்தைத் தடை செய்தது. கட்டைவைத்த பெட்டியில் கமகம் வராது, அது அந்நியக் கருவி என்பது காரணம். 1971 வரை தடை நீடித்தது. அதே காலத்தில் மதுரை, ராமநாதபுரம், புதுக்கோட்டை வட்டாரங்களில் விடிய விடிய நடந்த ஸ்பெஷல் நாடகம் முழுக்க ஆர்மோனியப் பெட்டியின்மேல்தான் நின்றது. கடலோரக் கிறித்தவர்களின் கோயில் பாட்டும் அதில்தான். தடை விழுந்தது கருவியின்மேல் மட்டுமில்லை, அதை வைத்துப் பாடிய சனங்களின் காதின்மேலும் விழுந்தது. ஆகவே கமகத்தின் பெயரால் இயந்திரத்தை எதிர்ப்பது தானாகவே நம் பக்கத்து அரசியல் ஆகிவிடாது.

5

மேளக்காரர் யார்? தஞ்சைப் பக்கம் இசை வேளாளர். தெற்கே பல ஊர்களில் மருத்துவர், கம்பர். பறை என்றால் பறையர், சில ஊர்களில் அருந்ததியர். வாசிப்பு ஒரு தொழிலாக இருந்ததோடு, பிறப்போடு ஒட்டிய கடமையாகவும் இருந்தது. கோயிலில் வாசித்தவர் கர்ப்பக்கிரகத்துக்கு வெளியே நின்றார். ஊர்வலத்தில் வாசித்தவர் முன்னால் நடந்தாலும் மரியாதையில் பின்னால் இருந்தார்.

கானாடுகாத்தான் இன்று சிவகங்கை மாவட்டம். 1985-இல் பிரிப்பதற்கு முன்னால் ராமநாதபுரம் மாவட்டம். சுயமரியாதை இயக்கத்தின் ஆரம்ப வருஷங்களில் அங்கே மதுரை சிவக்கொழுந்து நாகசுரம் வாசித்துக்கொண்டு வந்தார். தோளில் துண்டு. துண்டை எடு என்றார்கள் பெரிய மனிதர்கள். எடுக்காதே என்றார் உடன் இருந்த பட்டுக்கோட்டை அழகிரிசாமி. வியர்வை துடைக்கிற ஒரு முழத் துணி அன்றைக்குச் சாதியின் எல்லைக்கோடாக ஆனது. நாகசுரத்தில் என்ன ராகம் வாசித்தாலும் கேட்கத் தயாராக இருந்தவர்கள், வாசிக்கிற உடலின்மேல் ஒரு துண்டைப் பொறுக்கவில்லை. ஒலி வேண்டும், உடல் வேண்டாம். டி.என். ராஜரத்தினம் போன்றவர்கள் கிராப்பும் கோட்டுமாக மேடை ஏறியதை வெறும் ஷோக்கு என்று பார்ப்பவர்களுக்கு இந்தத் துண்டின் கதை தெரியாது.

மின்சார மேளம் இந்தப் பழைய ஆசையைத்தான் நிறைவேற்றி வைக்கிறது. துண்டை எடு என்று சொல்லவேண்டிய அவசியமே இல்லை, துண்டு போடத் தோளே கிடையாது. தீட்டு இல்லை, சம்பள பாக்கி இல்லை, கோபித்துக்கொண்டு போகிறவர் இல்லை. வைதீகத்தின் கனவும் முதலாளியத்தின் கனவும் ஒரு சுவிட்சில் சந்திக்கின்றன.

மறுபக்கத்தையும் சொல்லியாக வேண்டும். சாவுக்குப் பறை அடிக்கமாட்டோம் என்று தலித் மக்கள் ஊர் ஊராக மறுத்தார்கள். அந்த மறுப்புக்காக அடிபட்டார்கள், ஊர்விலக்கத்தை எதிர்கொண்டார்கள். அப்படி மறுத்தவரிடம் போய் 'உங்க கலை அழியுதே' என்று எந்த யோக்கியன் சொல்ல முடியும்? அடிமைத் தொழிலை இயந்திரம் எடுத்துக்கொண்டால் எடுத்துக்கொள்ளட்டுமே என்பதும் நியாயமான குரல்தான். 1990களில் மதுரையில் நடந்த தலித் கலை விழாக்களில் இதே பறை வேறொரு பொருளில் ஒலித்தது. ஊருக்காக அடிக்கமாட்டோம், எங்களுக்காக அடிப்போம் என்றது அது. மறுப்பதும் எடுத்துக்கொள்வதும் ஒன்றுக்கொன்று எதிரானவை போலத் தெரியும். இரண்டிலும் தீர்மானிக்கிறவர் வாசிக்கிறவர். மின்சார மேளத்தில் தீர்மானித்தவர் தர்மகர்த்தாவோ அதிகாரியோ நன்கொடையாளரோதான். வேறுபாடு இங்கேதான் இருக்கிறது.

6

ஒலியைத் தனியாகவும் உடலைத் தனியாகவும் நடத்துவதில் இந்தக் கடற்கரைக்கு நீண்ட பழக்கம் உண்டு. தனுஷ்கோடியிலிருந்து தலைமன்னார் இருபது மைலுக்கும் குறைவு. 1914-இல் பாம்பன் பாலம் திறந்து, ரயிலும் கப்பலுமாகக் கொழும்புக்கு வழி ஆனது. 1964 டிசம்பர் புயல் தனுஷ்கோடியை அழித்தது. ரயில் போனாலும் வானொலி போகவில்லை. அகில இந்திய வானொலி 1950களில் சினிமாப் பாட்டை ஒதுக்கியபோது இந்தக் கரையின் காது முழுதாகக் கொழும்பு பக்கம் திரும்பியது. இலங்கை வானொலியில் பி.எச். அப்துல் ஹமீது நடத்திய 'பாட்டுக்குப் பாட்டு' ஒரு போட்டி. ஒருவர் முடித்த இடத்திலிருந்து எழுத்தைப் பிடித்து இன்னொருவர் பாட வேண்டும். கடலுக்கு அந்தப் பக்கம் நடக்கும் போட்டிக்கு இந்தப் பக்கம் டீக்கடையில் உட்கார்ந்து சனங்கள் தாங்களே போட்டியிட்டார்கள். ஹமாமட்சுவுக்கு வெகு காலம் முன்பே தொலைவிலிருந்து கலந்துகொள்வது இங்கே சகஜம். ஆனால் இங்கே கேட்டவர் நடுவரில்லை, அவரும் பாடுகிறவர்.

அந்தக் குரல் தடையில்லாமல் கடல் தாண்டியது. ஆள் தாண்டும்போது கதை வேறு. மண்டபம் முகாம் முதலில் இலங்கைத் தோட்டங்களுக்குப் போன கூலிகளைத் தடுத்து வைத்துச் சோதித்து அனுப்பிய இடம். 1983-க்குப் பிறகு அதே முகாம் அங்கிருந்து ஓடிவந்தவர்களைப் பதிந்து அடைக்கும் இடம். பாட்டுக்குப் பாஸ்போர்ட் கிடையாது, பாடுகிறவருக்கு உண்டு. தானியங்கிப் பியானோவின் வரலாற்றிலும் இப்படி ஒருவர் இருக்கிறார். கான்லன் நான்கரோ, அமெரிக்கர், கம்யூனிஸ்ட். ஸ்பெயின் உள்நாட்டுப் போரில் பாசிசத்துக்கு எதிராகச் சண்டை போட்டுவிட்டுத் திரும்பியவருக்கு அவருடைய அரசு பாஸ்போர்ட் மறுத்தது. 1940-இல் மெக்சிகோ போனார். அங்கே தனியாக உட்கார்ந்து பல ஆண்டுகள் காகிதச் சுருளில் கையால் துளை போட்டார். எந்த மனித விரலாலும் வாசிக்க முடியாத வேகங்கள், அடுக்குகள். ஆளை நீக்கச் செய்த இயந்திரத்தை, ஆளால் முடியாததைச் சொல்ல அவர் திருப்பிக்கொண்டார். இயந்திரம் தானாகவே எவர் பக்கமும் நிற்பதில்லை என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டாம்.

ஊரின் பெயரும் இப்படித்தான் பயணம் செய்திருக்கிறது. ராம்நாட் கிருஷ்ணனின் 'வித்வான்' இசைத்தட்டு 1968-இல் அமெரிக்காவில் வெளிவந்தது. மிருதங்கக்காரர் ராம்நாட் ராகவன் அங்கே பல்கலைக்கழகத்தில் சொல்லிக்கொடுத்தார். 'ராம்நாட்' என்பது உலகத்து இசைத்தட்டு உறைகளில் அச்சான சொல். அதே ஊர்க் கோயில்களில் தலைமுறையாக ஊதியவர்களின் பெயர் எந்த உறையிலும் இல்லை. சபா இசைக்கு ஆவணம் உண்டு, கோயில் வாசல் இசைக்குக் கிடையாது. ஆவணம் இல்லாதவரை நீக்குவது சுலபம், நீக்கியதற்கும் ஆவணம் இருக்காது.

7

கடைசியாகச் சட்டம். இந்தியப் பதிப்புரிமைச் சட்டம் 1957-இல் வந்தது. நிகழ்த்துகிறவருக்கென்று உரிமை 1994 திருத்தத்தில்தான் வந்தது. நிகழ்த்துகிறவர் யார் என்ற வரையறையில் பாடகர், இசைக்கலைஞர், நடனமாடுபவர் முதல் பாம்பாட்டி வரை இருக்கிறார்கள். நல்லதுதான். ஆனால் அதே சட்டத்தின் 52-ஆம் பிரிவில் ஒரு விலக்கு உண்டு. மதச் சடங்கிலும் கல்யாண ஊர்வலத்திலும் ஒலிப்பதிவைப் போட்டால் அது மீறல் ஆகாது. மற்றவர்க்கு இது சின்ன விலக்கு. நாகசுரக்காரருக்கு உலகமே கோயிலும் கல்யாணமும்தான். அவருடைய வாசிப்பு எங்கே அதிகம் ஒலிக்குமோ, அங்கேயே அவருக்கு ஒரு பைசா கிடையாது. 1909-இல் இரண்டு சென்ட்டில் இடம் கிடைக்காத அந்த விரல் இன்றும் வெளியேதான் நிற்கிறது.

வேறு வழி இல்லை என்று சொல்ல முடியாது. 1942 ஆகஸ்டில் அமெரிக்க இசைக்கலைஞர் சங்கம் ஜேம்ஸ் பெட்ரில்லோ தலைமையில் ஒலிப்பதிவுக்கே வாசிக்கமாட்டோம் என்று வேலைநிறுத்தம் செய்தது. இரண்டு வருஷத்துக்கு மேல் நீடித்தது. இயந்திரத்தை உடை என்பது அவர்கள் கோரிக்கை இல்லை. விற்கிற ஒவ்வொரு தட்டிலிருந்தும் ஒரு பங்கு, வேலை இழந்த கலைஞர்கள் பொதுமக்களுக்கு நேரில் வாசிக்கச் செலவாக வேண்டும் என்பதுதான். நிறுவனங்கள் பணிந்தன. பதிவு செய்த விரலும் வேலை இழந்த விரலும் ஒரே வர்க்கம் என்று அங்கே ஏற்கப்பட்டது. நம் மேளக்காரர்களுக்கு அந்த வசதி இல்லாமல் போனதற்கு முக்கிய காரணம், தொழிலாளர்களாக ஒன்றுசேர வேண்டியவர்களைச் சாதியாகவும் பரம்பரையாகவும் பிரித்து வைத்திருப்பதுதான்.

ராமநாதபுரத்தில் அரசு இசைப்பள்ளி இருக்கிறது. நாகசுரமும் தவிலும் அங்கே பாடம். எந்தச் சாதிப் பிள்ளையும் சேரலாம். பரம்பரையின் பிடியிலிருந்து இந்தக் கலை விடுபட அது ஒரு வாசல். அந்தப் பிள்ளை சான்றிதழோடு வெளியே வந்து கோயில் வாசலில் நிற்கும்போது உள்ளே மோட்டார் ஓடிக்கொண்டிருந்தால், திறந்த வாசலுக்கு என்ன அர்த்தம்? மின்சார மேளம் இருக்கிற ஒவ்வொரு கோயிலிலும் நாம் கேட்க வேண்டிய கேள்விகள் எளிமையானவை. இங்கே முன்பு வாசித்தவர் யார்? அவருக்கு என்ன கொடுத்தார்கள்? அவர் தானாக விட்டாரா, விரட்டப்பட்டாரா? விட்டிருந்தால் அந்த மறுப்பை மதிப்போம், மறுபடி அந்தத் தொழிலுக்கு அவரைக் கூப்பிடுகிற பாரம்பரியக்காரர்களோடு சேரமாட்டோம். விரட்டப்பட்டிருந்தால் அந்த இடத்தை, எந்தச் சாதியில் பிறந்தவருக்கும் திறந்த, ஒழுங்கான சம்பளமுள்ள, தோளில் துண்டோடு நின்று வாசிக்கிற வேலையாகத் திரும்பக் கேட்போம்.